பாலேயில் ஏன் இத்தனை ‘முதல் கறுப்பினக் கலைஞர்’கள்?

2015 ஜூன் 30 அன்று மிஸ்டி கோப்லாண்ட் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதன்மை நடனக் கலைஞராக உயர்த்தப்பட்டார். 75 வருடப் பழமையுள்ள அந்தக் குழுவில் அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர். உலகம் முழுக்க அது செய்தியானது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1990இல் ஹூஸ்டன் பாலேயில் லாரன் ஆண்டர்சன் முதன்மை இடத்துக்கு வந்திருக்கிறார். அதற்கு முன் 1982இல் பென்சில்வேனியா பாலேயில் டெப்ரா ஆஸ்டின். இன்னும் முன்னால், 1951இல், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் முதன்மை பாலே கலைஞரானார் ஜேனட் காலின்ஸ். இந்தப் பக்கம் வந்தால், 2023இல் பாரிஸ் ஓபராவில் கியோம் தியோப். இவர்கள் எல்லாரைப் பற்றியும் ‘முதல்’ என்றுதான் எழுதினார்கள். அது பொய்யும் இல்லை.

எழுபது வருடத்துக்கும் மேலாக ‘முதல்’ வந்துகொண்டே இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? ஒருவர் கதவைத் திறந்து உள்ளே போன பிறகும் அடுத்தவருக்கு அது திறந்திருக்கவில்லை என்றுதான் அர்த்தம். சில சமயம் அதே கதவு மறுபடி சாத்தப்பட்டது. சில சமயம் உள்ளே இன்னொரு கதவு இருந்தது. அந்தக் கதவுகள் எவை என்று புரிந்துகொண்டால், இனப் பாகுபாடு கலை மேடையில் எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்துவிடும்.

பாலே பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். அரண்மனை நடனமாகத் தொடங்கி, 17ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் முறைப்படுத்தப்பட்ட நடனம் இது. ஒரு பாலே குழுவில் படிநிலைகள் உண்டு. உச்சியில் முதன்மைக் கலைஞர்கள், அடுத்து தனி நடனக் கலைஞர்கள், அடியில் ‘கோர் த பாலே’ எனப்படும் கூட்டம். ‘ஸ்வான் லேக்’ பாலேயில் வெள்ளை உடையில் வரிசை வரிசையாக அன்னங்கள் வரும். அது இந்தக் கூட்டம்தான். இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் ஒரே உடல்போல அசைவார்கள். எவரும் தனித்துத் தெரியக் கூடாது, அதுவே அதன் அழகு. பாலே பள்ளி முடித்து வரும் பெரும்பாலானோருக்கு வேலை அந்தக் கடைசி வரிசையில்தான் தொடங்குகிறது. தனித்துத் தெரியக் கூடாது என்ற இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சிக்கல் இதற்குள்தான் இருக்கிறது.

வெள்ளை அரிதாரம்

ஜேனட் காலின்ஸ் லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர். பதின்ம வயதில், 1930களின் தொடக்கத்தில், புகழ்பெற்ற பாலே ருஸ் த மாண்டி கார்லோ குழுவின் ஆடிஷனுக்குப் போனார். ஆடியது பிடித்திருந்தது, சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். ஆனால் முகத்துக்கும் உடம்புக்கும் வெள்ளை அரிதாரம் பூசிக்கொண்டுதான் ஆட வேண்டும் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார்.

பதின்ம வயதுப் பெண். கனவு கண்ட இடம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அப்போது வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு திடம் வேண்டும்! அவருடைய திறமையை யாரும் குறை சொல்லவில்லை. ஆடு, ஆனால் நீயாக ஆடாதே என்றார்கள். கதவை நேராகச் சாத்துவதைவிட இது கொடுமை என்று எனக்குப் படுகிறது.

அதன் பிறகு மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அவருக்கு இடம் கிடைக்க ஏறக்குறைய இருபது வருடம் ஆனது. அங்கே போன பிறகும், தென் மாநிலங்களுக்கு ஓபரா சுற்றுப்பயணம் போனபோது அவருடைய பாத்திரங்களை வேறொருவர் ஆடினார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேடையில் தோன்றுவதை அங்குள்ள பல ஊர்கள் ஏற்கவில்லை.

தங்கும் விடுதியிலிருந்து மேடை வரை

இந்தச் சுற்றுப்பயணம் என்ற விஷயம் முக்கியமானது. அந்தக் காலத்தில் பாலே குழுக்கள் பேருந்தில் ஊர் ஊராகப் போய்த்தான் பிழைத்தன. அமெரிக்கத் தென் மாநிலங்களில் விடுதி, உணவகம், வாடகைக் கார், அரங்க இருக்கை என்று எல்லாவற்றிலும் இன ஒதுக்கல் சட்டமாகவும் வழக்கமாகவும் இருந்தது. அதனால் ஒரு கறுப்பின நடனக் கலைஞரைச் சேர்ப்பது என்றால், அவரை எங்கே தங்க வைப்பது என்ற கேள்வி உடனே வரும். பல குழுக்கள் அந்தக் கேள்வியைத் தவிர்க்க ஆளையே தவிர்த்தன.

ரேவன் வில்கின்சனின் கதை இதை நன்றாகக் காட்டுகிறது. நியூயார்க்கில் பிறந்தவர், வெளிர் நிறத் தோல் உடையவர். ஜேனட் காலின்ஸிடம் வெள்ளை பூசச் சொன்ன அந்த மாண்டி கார்லோ பெயரைத் தாங்கிய குழுவில்தான் சேர விரும்பினார். தென் மாநிலங்களுக்குப் போகிற குழு, உன்னை எடுக்க மாட்டார்கள் என்று உடன் படித்தவர்கள் சொன்னார்கள். இரண்டு முறை கிடைக்கவில்லை. மூன்றாவது ஆடிஷனில், 1955இல், எடுத்துக்கொண்டார்கள். பெரிய பாலே குழு ஒன்றில் முழுநேர ஒப்பந்தம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர்.

முதல் இரண்டு வருடம் பெரிய தொந்தரவு இல்லாமல் ஓடியது. பார்ப்பவர்கள் அவரை வெள்ளையர் என்றோ ஸ்பானியர் என்றோ நினைத்துக்கொண்டார்கள். 1957இல் அட்லாண்டாவில் விடுதி நடத்துபவர் நேராகவே கேட்டார், நீ கறுப்பினத்தவளா என்று. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வில்கின்சன் பொய் சொல்லத் தயாராக இல்லை. உடனே அவரைத் தனியாக ஒரு வாடகைக் காரில் ஏற்றி, கறுப்பினத்தவர் தங்கும் விடுதிக்கு அனுப்பினார்கள். செய்தி பரவியது. அப்புறம் சில ஊர்களில் அவரை விட்டுவிட்டே குழு மேடை ஏறியது.

அலபாமாவின் மான்ட்கமரியில், கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் மேடைக்கே வந்து, அந்தக் கறுப்புப் பெண் எங்கே என்று மிரட்டினார்கள். குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் அன்று அவரைக் காப்பாற்றியது.

ஆனால் அதே குழுவுக்குள் இருந்த பயிற்சியாளர் ஒருவர் அவரிடம், இதற்கு மேல் நீ உயர முடியாது, வெள்ளை அன்னத்தைக் கறுப்பினப் பெண் ஆட முடியாதல்லவா, ஆப்பிரிக்க நடனப் பள்ளி ஒன்று தொடங்கலாமே என்று யோசனை சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. உண்மையிலேயே நல்லது சொல்வதாக நினைத்திருக்கலாம். சிறு வயதிலிருந்து பாலே மட்டுமே பயின்ற ஒருவரிடம், உன் நிறத்துக்கு இது இல்லை, அது என்று சொல்கிறோம் என்பதை அவர் உணரவே இல்லை.

1961இல் வில்கின்சன் குழுவை விட்டார். பின்பு முயன்ற நியூயார்க் குழுக்கள் எதுவும் எடுக்கவில்லை. கடைசியில் 1967இல் நெதர்லாந்து தேசிய பாலேதான் அவரைச் சேர்த்துக்கொண்டது. தன் கலையை ஆட ஓர் அமெரிக்கர் கடல் தாண்ட வேண்டியிருந்தது. இங்கிலாந்திலும் இதற்கு இணையான ஒன்று நடந்தது. கேப் டவுனில் பிறந்த ஜொஹார் மொசாவல் லண்டன் ராயல் பாலேயில் பெயர் பெற்ற கலைஞர். 1960இல் அந்தக் குழு தென்னாப்பிரிக்காவுக்குப் போனபோது, அங்குள்ள நிறவெறிச் சட்டங்களால், சொந்த நாட்டுக்கு அவரை மட்டும் கூட்டிப்போகவில்லை.

‘ஒரே மாதிரி’ என்ற அளவுகோல்

சரி, இதெல்லாம் பழைய கதை, அமெரிக்காவில் அந்தச் சட்டங்கள் 1960களில் போய்விட்டனவே என்று தோன்றலாம். ஆனால் சட்டம் போன பிறகும் அழகு பற்றிய எண்ணம் இருந்த இடத்திலேயே இருந்தது. கூட்டத்தில் எவரும் தனித்துத் தெரியக் கூடாது என்று பார்த்தோமே, அந்த விதிக்கு இப்போது வருவோம். அசைவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நியாயமான கலை விதி. தோல் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அதோடு ஒட்டிக்கொண்ட இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்காததால், ‘நன்றாக ஆடுகிறாள், ஆனால் கண்ணை உறுத்துகிறது’ என்று சொல்லி ஒருவரைத் தள்ளிவைக்க முடிகிறது. சொல்பவருக்கு அது பாகுபாடாகவே தெரியாது. ரசனை என்று நினைப்பார்.

2018இல் பெர்லின் அரசு பாலேயில் ஷ்லோயே லோப்பெஸ் கோமேஸ் சேர்ந்தார். அங்கு சேர்ந்த முதல் கறுப்பினப் பெண். ‘ஸ்வான் லேக்’கில் மற்றவர்களைப் போலத் தெரிய வெள்ளை அரிதாரம் பூசச் சொன்னார்கள் என்று 2020இல் அவர் வெளிப்படையாகப் பேசினார். ஜேனட் காலின்ஸிடம் சொன்னதற்கும் இதற்கும் இடையில் எண்பது வருடத்துக்கும் மேல்! 2021இல் இழப்பீட்டோடும் ஒப்பந்த நீட்டிப்போடும் வழக்கு சமரசமானது.

இந்த அளவுகோல் கண்ணுக்குத் தெரியும் பொருளாகவும் இருக்கிறது. பாயின்ட் ஷூ என்று ஒன்று உண்டு. விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான சாட்டின் காலணி. அதன் நிறம் வெளிர் ரோஸ். காலுறையும் ரோஸ். ஏன் ரோஸ்? இடுப்பிலிருந்து விரல் நுனி வரை கால் ஒரே நீண்ட கோடாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. வெள்ளைத் தோலுக்கு அந்த ரோஸ் ஏறக்குறைய பொருந்திவிடும், கோடு முறியாது. கறுப்புத் தோலில் அதே ரோஸ், உடலை இரண்டாக வெட்டிக் காட்டும். கோடு நீளமாகத் தெரிய என்று வந்த பொருள், இவர்களுக்கு நேர் எதிராக வேலை செய்கிறது. பிறகு, கோடு சரியில்லை என்று இவர்களைத்தான் குறை சொல்வார்கள்.

இதற்குக் கறுப்பினக் கலைஞர்கள் கண்டுபிடித்த வழி, முகத்துக்குப் பூசும் ஃபவுண்டேஷனை வாங்கிக் காலணிக்குப் பூசுவது. சாட்டின் முழுக்க, நாடா உட்பட, பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பூசிக் காயவைக்க வேண்டும். பாயின்ட் ஷூ நீண்ட நாள் உழைக்கும் பொருளும் இல்லை. கடினமான ஒரு பாத்திரத்தில் ஒரே இரவில் ஒரு ஜோடி நைந்துவிடும். அப்படியானால் வாரத்துக்கு எத்தனை ஜோடி, எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்கார சக நடனக் கலைஞர் அந்த நேரத்தில் ஓய்வெடுக்கலாம், உடம்பைத் தளர்த்திக்கொள்ளலாம். இதைச் செய்யச் சொல்லி எந்த விதியும் எழுதப்படவில்லை. கடையில் இருந்த நிறம் ஒன்றே ஒன்று, அவ்வளவுதான்.

1929இல் தொடங்கிய ஃப்ரீட் ஆஃப் லண்டன் என்ற பெயர்பெற்ற நிறுவனம், கறுப்பின, ஆசியக் கலைஞர்களைக் கொண்ட பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து பழுப்பு, வெண்கல நிறங்களில் பாயின்ட் ஷூ கொண்டுவந்தது 2018இல்தான்.

உடம்பைப் பற்றியும் இதே போல ஒரு கட்டுக்கதை உண்டு. கறுப்பினத்தவரின் பாதம் தட்டை, தொடை பருமன், அதனால் பாலே வராது என்று விமர்சகர்கள் அச்சிலேயே எழுதினார்கள். பாதம் ஆளுக்கு ஆள் மாறுமே தவிர இனத்துக்கு இனம் மாறுவதில்லை. வெள்ளையரில் பாதம் பொருந்தாதவர் வந்தால் அந்த ஒருவரைத்தான் நிராகரிப்பார்கள், கறுப்பினத்தவரில் வந்தால் ஓர் இனத்தையே நிராகரித்தார்கள். இதன் பலன் சிறு வயதிலேயே தெரியும். சியரா லியோனில் அநாதை இல்லத்தில் வளர்ந்து, அமெரிக்கக் குடும்பம் ஒன்றால் தத்தெடுக்கப்பட்ட மிக்கேலா டெப்ரின்ஸிடம், எட்டு வயதில், கறுப்புப் பெண்ணை அந்தப் பாத்திரத்தில் பார்க்க அமெரிக்கா தயாராகவில்லை என்று சொன்னார்கள். ஒத்திகை பார்த்துவைத்திருந்த பாத்திரம் அது.

தனக்கென ஒரு வீடு

இதில் வருத்தமான ஒரு திருப்பம் இருக்கிறது. அமெரிக்க பாலே வேறு மாதிரித் தொடங்கியிருக்கலாம். 1933இல், நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்ஷீனை அமெரிக்காவுக்கு வரவழைக்க லிங்கன் கர்ஸ்டீன் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், புதிய பள்ளியில் வெள்ளையர் எட்டுப் பேரும் கறுப்பினத்தவர் எட்டுப் பேரும் சேர்ந்து பயில்வார்கள் என்று திட்டம் சொல்லியிருந்தார். பாதிக்குப் பாதி! 1934இல் பள்ளி திறந்தபோது அந்தத் திட்டம் காணாமல் போயிருந்தது.

அவர்கள் இருவரும் பின்னர் உருவாக்கிய நியூயார்க் சிட்டி பாலேயில் 1955இல் ஆர்தர் மிட்செல் என்ற கறுப்பினக் கலைஞர் சேர்ந்தார். 1957இல் ‘அகோன்’ என்ற படைப்பில் அவரையும் டயானா ஆடம்ஸ் என்ற வெள்ளையினப் பெண்ணையும் இணையாக ஆட வைத்தார் பாலன்ஷீன். கறுப்பின ஆணும் வெள்ளையினப் பெண்ணும் ஒருவரை ஒருவர் தொட்டு ஆடுவது அன்றைய அமெரிக்காவில் சாதாரண விஷயமில்லை. மேடையில் அரங்கேறியது, கைதட்டலும் வாங்கியது. ஆனால் அமெரிக்க வணிகத் தொலைக்காட்சி அதைக் காட்ட 1968 வரை ஆனது.

அந்த 1968 ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மிட்செல் தான் வளர்ந்த ஹார்லெமுக்கு, நியூயார்க்கில் கறுப்பினத்தவர் அதிகம் வாழும் பகுதிக்கு, திரும்பினார். 1969இல் கரெல் ஷூக் என்ற ஆசிரியரோடு சேர்ந்து டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் தொடங்கினார். 1970களிலேயே அங்கே கலைஞர்கள் தங்கள் தோல் நிறத்தில் காலுறையும் காலணியும் அணிந்தார்கள். கால் விரல் நுனி வரை கோடு முறியவில்லை. கேட்டால் சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால் பாலேயின் அழகியல் விதியை மீறாமல், அதையே சரியாகக் கடைப்பிடித்துக் காட்டிய செயல் அது. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நாடக மேடையின் கதை வேறு

நாடகத்தில் தடை வேறு வடிவில் வந்தது. அங்கே உடல் ஒற்றுமை அளவுகோல் இல்லை. யார் எந்தப் பாத்திரத்தில் நடிக்கலாம் என்பதுதான் கேள்வி. அடிமை முறை இன்னும் முழுதாக ஒழியாத நியூயார்க்கில் 1821இல் கறுப்பினத்தவர் ஆப்பிரிக்கன் குரோவ் என்ற தங்கள் அரங்கில் ஷேக்ஸ்பியர் நடத்தினார்கள். போலீஸ் நெருக்கடியில் அது நீடிக்கவில்லை. அதே ஊரில் பிறந்த கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ் இங்கிலாந்துக்குப் போனார். 1833இல், மேடையில் சுருண்டு விழுந்த பிரபல நடிகர் எட்மண்ட் கீனுக்குப் பதிலாக லண்டன் கோவென்ட் கார்டனில் ஒதெல்லோவாக நடித்தார். ஒதெல்லோ கறுப்பின வீரனின் கதை. அதைக் கறுப்பினத்தவரே நடித்தபோது லண்டன் பத்திரிகைகள் சில அவர் நிறத்தைச் சொல்லியே தாக்கின. இரண்டு காட்சியோடு நிறுத்தப்பட்டது. ஐரோப்பாவும் ரஷ்யாவும்தான் அவரைக் கொண்டாடின. அங்கே ஷேக்ஸ்பியரின் வெள்ளையினப் பாத்திரங்களான லியர் அரசனாகவும் ஷைலாக்காகவும் நடித்தபோது அவர் வெள்ளை அரிதாரம் பூசினார். 1867இல் போலந்தின் லூட்ஜ் நகரில் இறந்தார்.

நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் வெள்ளையின நடிகர்களோடு ஒரு கறுப்பின நடிகர் ஒதெல்லோவாக நிற்க 1943 வரை ஆனது. அவர் பால் ரோப்சன். 296 காட்சிகள் நடந்தன. பிராட்வேயில் ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் அவ்வளவு நாள் ஓடியதில்லை. மக்கள் பார்க்க வரமாட்டார்கள் என்ற சாக்கு எவ்வளவு பொய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பார்வையாளர் இருக்கையிலும் தடை இருந்தது. வாஷிங்டனின் நேஷனல் தியேட்டர் கறுப்பினத்தவரை உள்ளே விடாததால் நடிகர் சங்கம் அங்கே நடிக்க மறுத்தது. அரங்கு என்ன செய்தது தெரியுமா? 1948இல் நாடகத்தையே நிறுத்திவிட்டுத் திரையரங்காக மாறியது. நாலு வருடம் கழித்துத்தான் எல்லாருக்கும் கதவு திறந்து மறுபடி நாடகம் வந்தது.

இன்று எந்தப் பாத்திரத்தையும் எந்த நிறத்தவரும் நடிக்கலாம் என்ற முறை பரவலாகியிருக்கிறது. அதையும் எல்லாரும் ஒரே மனதாக ஏற்கவில்லை. நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் 1996இல் இதைக் கடுமையாக எதிர்த்தார். பெரிய பிராந்திய அரங்குகள் 66இல் ஒன்றே ஒன்றுதான் கறுப்பினத்தவருடையது, எங்களை உங்கள் கதைகளில் நுழைப்பதைவிட எங்கள் கதைகளுக்கு அரங்கு கொடுங்கள் என்பது அவர் வாதம். எனக்கு இரண்டுமே வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் இரண்டாவதற்குப் பணம் தேவை. அதனால்தானோ என்னவோ, முதலாவது மட்டும் வேகமாக நடக்கிறது.

நம் ஊர் தொட்டுப் போகும் இடம்

கதைக்கு நடுவே தமிழ்நாடு வருகிறது. 1838இல் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து அம்மணி என்ற தேவதாசியும் அவர் குழுவினரும் பாரிஸுக்குப் போய் ஆடினார்கள். எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே அவர்களைப் பார்த்து வியந்து எழுதினார். கோயில் நடனப் பெண் மீதான அந்த ஐரோப்பிய மோகத்தின் தொடர்ச்சியாகவே, 1877இல் பீட்டர்ஸ்பர்கில் ‘லா பயடேர்’ என்ற பாலே வந்தது. பயடேர் என்றால் தேவதாசி. இந்தியக் கதை, இந்தியர் எவரும் இல்லாத மேடை. அதில் ஒரு காட்சியில் குழந்தைகள் முகத்திலும் உடம்பிலும் கறுப்பு பூசி ஆடுவார்கள். மாஸ்கோவின் பல்ஷாய் அரங்கு இந்தப் பழக்கத்தைத் தொடர்வதை 2019இல் மிஸ்டி கோப்லாண்ட் கண்டித்தார், அரங்கு ஏற்கவில்லை. வெள்ளையர் கறுப்பு பூசினால் மரபு, கறுப்பினத்தவர் தன் நிறத்தோடு நின்றால் மரபு மீறல். இந்த இரண்டும் ஒரே மேடையில் வசதியாகச் சேர்ந்து இருந்திருக்கின்றன.

பாரிஸ் ஓபரா 2015இல் குழந்தைகள் ஆடும் அந்த நடனத்தின் பெயரை மாற்றியது. 2020இல் அங்குள்ள கறுப்பினக் கலைஞர்கள் ஐந்து பேர் ஓர் அறிக்கை எழுதினார்கள். தோல் நிறத்துக்கேற்ற காலுறை, காலணி, தங்கள் முடியைக் கையாளத் தெரிந்த ஒப்பனைக் கலைஞர், கறுப்பு பூசும் பழக்கத்துக்கு முடிவு என்று மிக நடைமுறையான கோரிக்கைகள். சுமார் 400 ஊழியர்கள் கையெழுத்திட்டார்கள். 2023 மார்ச்சில் கியோம் தியோப் அங்கே ‘எத்வால்’, அதாவது நட்சத்திரம் என்ற உச்ச இடத்தைப் பெற்றார். 1669இல் தொடங்கிய நிறுவனம் அது.

இனி ‘முதல்’ என்ற செய்தி வந்தால், அந்தக் குழுவின் கடைசி வரிசையையும் ஒரு பார்வை பாருங்கள். உச்சியில் ஒருவர் இருக்கும்போதே அந்த வரிசையில் வேறு கறுப்பினத்தவர் இல்லை என்றால், அடுத்த ‘முதல்’ வர இன்னும் பல வருடம் ஆகும். வில்கின்சனுக்கும் கோப்லாண்டுக்கும் நடுவே அறுபது வருடம்.

கோப்லாண்ட் பதவி உயர்வு பெறுவதற்குச் சில நாள் முன்னால், 2015 ஜூன் 24 அன்று, நியூயார்க்கில் ‘ஸ்வான் லேக்’ முதன்மைப் பாத்திரத்தில் ஆடினார். வெள்ளை அன்னம். திரை விழுந்த பிறகு மலர்க்கொத்தோடு இரண்டு பெண்கள் மேடைக்கு வந்தார்கள். ஒருவர் ஹூஸ்டனின் லாரன் ஆண்டர்சன். மற்றவருக்கு அப்போது 80 வயது. வெள்ளை அன்னம் உனக்கு இல்லை என்று சொல்லப்பட்ட ரேவன் வில்கின்சன்.